அவசியமற்ற பேச்சு

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டேன். சோதனைக் குழலில் பத்து மில்லி பிடித்து, மாத்திரை போட்டு, குலுக்கி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டேன். குளோரின் 0.3. நோட்டில் எழுதினேன். நகராட்சிக் குடிநீர் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. வீட்டுக் குழாயைச் சோதிக்கும்படி யாரும் சொல்லவில்லை. தேநீர் போட்டேன். இரண்டு டம்ளர். ஒன்றை அத்தையிடம் கொடுத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. ஐந்தாவது நாள். பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தை என் மனைவியின் அம்மா. மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். பதினோராம் நாள் அவருடைய தையல் மெஷின் வந்து இறங்கியது.

"மாப்பிள்ளை, டீயில சர்க்கரை போட்டீங்களா?"

"போட்டேன் அத்தை."

"நேத்தும் போட்டேன்னுதான் சொன்னீங்க."

"நேத்து போடலை."

"அதானே பார்த்தேன்." ஒரு வாய் குடித்தார். "இன்னைக்குக் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கில்ல? நல்ல சட்டையா போட்டுக்கோங்க."

"கையெழுத்துக்கு எதுக்கு நல்ல சட்டை?"

"அவ பேர் வர்ற காகிதம். கசங்கின சட்டையோட போய் நின்னீங்கன்னா என்னைத்தான் சொல்வாங்க."

இஸ்திரி போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தேன். வேறொன்றை எடுத்து மாற்றிக்கொண்டேன். வாதாடுவதைவிட அது சுலபம்.

சந்தையை இடிக்க உத்தரவு வந்ததிலிருந்து ஊரில் போராட்டம். போராட்டம் சூடு பிடிக்கும்போதெல்லாம் அரசாங்கம் போனை நிறுத்திவிடும். இது மூன்றாம் முறை. முதல் முறை நிறுத்திய அன்றுதான் அவள் இறந்தாள். மாலை நான்கு மணியிலிருந்து போன் இருக்காது என்று நண்பகலில் ஒலிபெருக்கி வண்டி சொல்லிக்கொண்டு போனது. ஐந்தரைக்கு மாடி வீட்டு அக்கா வந்தபோது அவள் சமையலறையில் விழுந்து கிடந்தாள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. அக்காவின் போனில் உயிர் இல்லை. அவசர அழைப்புக்கென்று காவல் நிலையத்தில் ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் வைத்திருந்தார்கள். ஓடினால் பதினொரு நிமிடம். வரிசையில் பதினான்கு பேர். ஆம்புலன்ஸ் வரும்போது ஆறு இருபத்தைந்து. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார். எத்தனை சதவீதம் என்று கேட்டேன். என் தோளைத் தட்டினார்.

அன்று போன் இல்லாமல் பாதிக்கப்பட்ட மூன்று குடும்பங்களைச் சேர்த்து ஒரு வக்கீலம்மா வழக்குப் போட்டிருந்தார். இனி இப்படி நிறுத்தக் கூடாது என்பது கோரிக்கை. கையெழுத்துக்கு மறுநாள் விசாரணை. அவளோடு கடைசியாகப் பேசியவன் என்ற முறையில் நான் ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதில்தான் சிக்கல்.

அன்று ஆஸ்பத்திரி நடையில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்டதானே கடைசியா பேசினா, என்ன சொன்னா?" என்று கேட்டார். "அம்மாவைப் பார்த்துக்கோன்னு சொன்னா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் மறுநாளே ஊர் முழுக்கப் போய்விட்டது. போன் இல்லாமலே போனது.

அத்தையிடம் சொன்னதை அத்தையோடு விட்டுவிடலாம். சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பது வேறு. ஆறு வருடமாக அளக்காத எண்ணை நான் எந்த நோட்டிலும் எழுதியதில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அத்தை என் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்தேன். அது பொய் என்று தெரிந்தால் அவருக்கு இங்கே என்ன இருக்கிறது? காலையில் இரண்டாவது டம்ளரை யாரிடம் கொடுப்பது?

மச்சான் கடை கோர்ட் வாசலுக்கு எதிரில். மனைவியின் தம்பி. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன். போன் நின்ற ஐந்து நாளில் கடையின் பக்கவாட்டுச் சுவர் ஊரின் தபால் நிலையம் ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் சீட்டு ஒட்டலாம். நானும் அத்தையும் போனபோது ஒரு போலீஸ்காரர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். தினமும் பத்து மணிக்கு வந்து சுவரைப் படித்துக் குறிப்பெடுப்பது அவருடைய டூட்டி.

"பெரியப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல் இரண்டு. பாட்டிலில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்."

"மாவு மில் அக்கா, உங்கள் பூனை எங்கள் வீட்டில் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது. அவசரமில்லை."

"கோபமாக இருக்கிறேன். யார் மேல் என்று அவருக்குத் தெரியும்."

"இதைப் படிக்கும் போலீஸ் அண்ணனுக்கு: ஞாயிறு பத்து மணிக்கு எல்லோரும் திரண்டு வாருங்கள் என்று நேற்று நான் எழுதியது என் மகளின் பிறந்தநாளுக்கு. கேக் உண்டு. நீங்களும் திரண்டு வரலாம்."

போலீஸ்காரர் மச்சானைப் பார்த்தார். "தம்பி, இது என்ன கல்லு ரெண்டு?"

"கிட்னி கல்லுண்ணே."

"எறியிற கல்லு இல்லையே?"

"அந்தப் பெரியப்பாவுக்கு எழுபது வயசு. தூக்கிப் போட்டா அவர் கால்லதான் விழும்."

போலீஸ்காரர் நோட்டில் எதையோ அடித்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஓரமாக ஒட்டினார். எட்டிப் பார்த்தேன். "மார்க்கெட் டூட்டியில் இருக்கும் மச்சினனுக்கு: சாப்பாட்டு டப்பா மாறிவிட்டது. என்னுடையதைத் திறக்காதே."

"உங்களுக்கு வயர்லெஸ் இருக்கே சார்?" என்றேன்.

"வயர்லெஸ்ல டப்பா மேட்டரைப் பேசினா ஸ்டேஷனே கேட்கும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க தண்ணி டிபார்ட்மென்ட் சார்தானே? நீங்களே சொல்லுங்க. போனை நிறுத்தறது எனக்கென்ன ஆசையா? தண்ணித் தொட்டியில விஷம்னு மெசேஜ் போச்சே, அன்னைக்கு என்னாச்சு? உங்க ஆபீஸ் ஆளுக்கு ரெண்டு பல்லு போச்சு. மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. சாம்பிள் எடுக்கப் போனவர். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் குளோரின் பவுடர். தொட்டிக்கு மேலே நின்றிருந்தார். அந்த மெசேஜைப் படித்துவிட்டு வந்த கூட்டத்துக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தொட்டியில் குளோரின் 0.4 இருந்தது. வேறொன்றும் இல்லை. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான். படித்தவன் யாரும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து, "எல்லா போனையும் ஒரு மாசம் கட் பண்ணணும்" என்றேன்.

"கட் பண்ணினா பல்லு முளைக்குமா?" என்றாள் அவள்.

"அடுத்த ஆளுக்குப் பல்லு போகாது."

"அடுத்த ஆளுக்குப் பல்லு போனதே நமக்குத் தெரியாது. அதைச் சொல்லு." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒரு மாசம் யார்கூடவும் பேச வேண்டாம்னா உனக்குக் கொண்டாட்டம்தான்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து நான் கேட்டது நடந்தது. இதைப் போலீஸ்காரரிடம் சொல்லவில்லை. "மறக்கலை சார்" என்று மட்டும் சொன்னேன்.

"அண்ணே, நாங்க இப்ப உங்க கவர்மென்டுக்கு எதிரா ஒரு பத்திரம் படிக்கப் போறோம்" என்றான் மச்சான். "காதைப் பொத்திக்கோங்க."

"காதைப் பொத்தினா சுவரை எப்படிப் படிக்கிறது?"

"கண்ணால."

அவர் பொத்தவில்லை. மச்சான் திரையைப் பார்த்து வாசித்தான். குரலை உயர்த்தினான். பள்ளிக்கூட நாடகத்தில் அவன் எப்போதும் தூதுவன் வேஷம் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"ஆகிய நான் சத்தியம் செய்து கூறுவது என்னவென்றால், மேற்படி என் மனைவி எனது முழு அனுபவ பாத்தியதையில் இருந்து வந்தவர். அவர்மீது இதுவரை எவ்வித வில்லங்கமும் கிடையாது. அவருக்குக் கிழக்கே பொதுவழி..."

"நிறுத்துடா" என்றார் அத்தை. "என்ன எழவு இது?"

"பழைய கிரயப் பத்திரம்மா. வீட்டுமனை. அதுமேலயே அடிச்சேன். அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கு. எடுத்துடறேன்."

"வில்லங்கம் இல்லைங்கறதை முதல்ல எடு. வில்லங்கமே அவதான்."

"எடுத்துட்டேன். இப்ப முக்கியமான இடம். கேளுங்க. 'அன்று பிற்பகல் 3.52 மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்த என் மனைவி, ஐயோ வலிக்கிறதே, அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த நாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கதறிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு துண்டிக்கப்பட்டது.'"

போலீஸ்காரர் உச்சுக் கொட்டினார்.

"வலிக்குதுன்னு அவ சொல்லலை" என்றேன்.

"ஒரு எஃபெக்டுக்கு அத்தான்."

"நாட்டையும்?"

"அது என் சொந்தச் சரக்கு."

"நான் நாட்டை எங்கடா பார்த்துக்கிறது? குழாய்த் தண்ணியைத்தான் பார்க்கிறேன். போனை நிறுத்தினது நாலு மணிக்கு. அவ பேசினது மூணு அம்பத்திரண்டு. எப்படி நடுவுல கட் ஆகும்?"

மச்சான் தாடையைச் சொறிந்தான். "எட்டு நிமிஷம் முன்னாடியே நிறுத்திட்டாங்கன்னு போட்டுடுவோம்."

"தம்பி," என்றார் போலீஸ்காரர் சுவரைப் பார்த்தபடி, "கவர்மென்ட்ல எட்டு நிமிஷம் முன்னாடி ஒரு காரியம் நடந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தா ஜட்ஜ் சிரிச்சே கேஸைத் தள்ளிடுவார்."

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம்."

"சட்டம்னு வந்தா நான் பொதுவான ஆளு."

அப்போது வக்கீலம்மா வந்தார். கையில் செருப்பு. வார் அறுந்திருந்தது. என்னைத் தேடி முதலில் சோதனைக்கூடம், பிறகு வீடு, பிறகு இங்கே. மூன்று கிலோமீட்டர் நடை. "ஒரு போன் அடிச்சிருந்தா ஒரு நிமிஷ வேலை" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்தை தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"அரசாங்கத்தோட பதில் வந்திருக்கு. படிக்கிறேன். 'உயிர்ச் சேதத்தைத் தவிர்க்கவே தொலைத்தொடர்பு நிறுத்தப்பட்டது. நிறுத்திய மூன்று முறையும் கலவரத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. அவசர அழைப்புகளுக்குத் தனி வசதி செய்யப்பட்டிருந்தது. நிறுத்தப்பட்டது பொதுமக்களின் அவசியமற்ற பேச்சு மட்டுமே.'" காகிதத்தை மடித்தார். "நல்லா எழுதியிருக்காங்க. ஒருத்தரும் சாகலைங்கறது உண்மை. நான் அவங்க பக்கம் இருந்தா இதைத்தான் எழுதியிருப்பேன்."

போலீஸ்காரர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"உங்க பத்திரத்தைக் கொடுங்க" என்றார் வக்கீலம்மா. திரையிலேயே படித்தார். கிழக்கே பொதுவழி வரை வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "தம்பி, உனக்கு யார் மேலயாவது கோபமா?"

"இல்ல மேடம். ஃபார்மட்..."

"நாளைக்கு இவரைக் கூண்டுல ஏத்துவாங்க. எத்தனை நிமிஷம் பேசினாங்க, என்ன பேசினாங்க, யார் போனை வச்சாங்க, எல்லாம் கேட்பாங்க. ஒரு வார்த்தை பிசகினாலும் இவர் கேஸ் மட்டும் போகாது. மூணு குடும்பமும் பொய்க் குடும்பம் ஆயிடும். அப்புறம் அடுத்த முறை போனை நிறுத்தும்போது கேட்க ஆள் இருக்காது." என் பக்கம் திரும்பினார். "நடந்ததை மட்டும் சொல்லுங்க. நான் கேட்கிறேன், தம்பி அடிக்கட்டும். மூணு அம்பத்திரண்டுக்கு போன் வந்தது. எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"ஒரு நிமிஷம் அம்பது செகண்ட்."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"லேப்ல. நாலு மணிக்குள்ள எல்லா ரிசல்ட்டையும் போன்ல சொல்லியாகணும்னு உத்தரவு. நாற்பது சாம்பிள். ஒரு கையில குடுவை."

"யார் போனை வச்சது?"

"நான்."

மச்சானின் கை விசைப்பலகையில் நின்றது. "கவர்மென்ட் கட் பண்ணலையா அத்தான்?"

"இல்ல. நான்தான் வச்சேன்."

மச்சான் "நாட்டையும்" என்பதை அழித்தான். ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

"பரவாயில்லை" என்றார் வக்கீலம்மா. "கடைசியா 'அம்மாவைப் பார்த்துக்கோ'ன்னு சொன்னாங்க. அது சரிதானே? ஊரே சொல்லுது."

அத்தையைப் பார்த்தேன். அவர் வக்கீலம்மாவின் அறுந்த செருப்பைக் கையில் எடுத்து, ஊசி எங்கே என்று தன் பையில் துழாவிக்கொண்டிருந்தார். ஆம் என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். கூண்டிலும் சொல்லிவிடலாம். அவளைத் தவிர வேறு யாரால் அதை மறுக்க முடியும்?

"இல்லை" என்றேன். "அவ அப்படிச் சொல்லலை. நான் சொன்னது அது. மன்னிச்சிடுங்க அத்தை."

அத்தை ஊசியை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து நூல் கோத்தார். முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது.

"அது எனக்குத் தெரியுமே" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"நீங்க சொன்ன அன்னைக்கே. இருபத்தெட்டு வருஷம் வளர்த்தவ நான். என்னை ஒருத்தர் பார்த்துக்கணும்னு அவ நினைச்சிருப்பாளா? 'எங்கம்மாகிட்ட ஜாக்கிரதை'ன்னு சொன்னான்னு நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

மச்சான் சிரித்துவிட்டான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் சொன்னீங்க?" என்றேன்.

"அன்னைக்கு முழுக்க நீங்க பேசினதே அந்த ஒரு வாக்கியம்தான் மாப்பிள்ளை. அதையும் நான் பொய்னு சொல்லிட்டா, அப்புறம் நீங்க எப்ப வாயைத் திறப்பீங்க?" செருப்பு வாரில் ஊசியை ஏற்றினார். "நீங்க பேசற அழகுக்கு, இருக்கிறதை வச்சுதானே ஓட்டணும்."

ஒரு தையல் போட்டு நூலை இழுத்தார்.

"சரி, இப்ப நிஜத்தைச் சொல்லுங்க" என்றார். "என்னைத் திட்டினாளா?"

"இல்ல அத்தை."

"என்னைப் பத்தி ஏதாவது?"

"இல்ல."

"ஒரு வார்த்தைகூடவா? நெஞ்சழுத்தக்காரி. தலைவலிக்குதுன்னாவது சொன்னாளா?"

"அதுவும் இல்ல. நல்லாத்தான் இருந்தா. மாடி வீட்டுத் துண்டு நம்ம பால்கனியில விழுந்திருக்குன்னா. அதை மடிச்சு வச்சிருக்கேன்னா. வெயில் ஜாஸ்தின்னா. நான் ம்ம்னேன். அவ்வளவுதான். அதுல ஒண்ணுமே இல்ல." வக்கீலம்மாவைப் பார்த்தேன். "கேஸுக்கு உதவாது மேடம்."

"உதவுமா உதவாதான்னு நான் பார்த்துக்கிறேன்" என்றார் அவர். "ஏதாவது அவசரமா கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"அவசியமா ஏதாவது?"

"அதுவும் இல்ல."

அவர் அரசாங்கத்தின் காகிதத்தை மறுபடி பிரித்தார். பேனாவை எடுத்துக் கடைசி வரியின் கீழ் ஒரு கோடு போட்டார். அதன் மேலேயே இன்னொரு கோடு. பிறகு மச்சானிடம் சொன்னார்: "மேல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிடு. வெறும் பக்கத்துல ஆரம்பி. இவர் சொல்றதை அடி. ஒரு எழுத்து கூட்டினே, செருப்பு கையில இருக்கு."

"அது அம்மா கையில இருக்கு மேடம்."

"இன்னும் மோசம்."

மச்சான் புதுப் பக்கம் திறந்தான். போலீஸ்காரர் சுவரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, நோட்டை மூடி, தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். அத்தை தைப்பதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் என் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"போனை வைக்கிறதுக்கு முன்னாடி அவங்க கடைசியா சொன்னது" என்றார் வக்கீலம்மா. "அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

எட்டு மாதமாக நான் அதை வெளியே எடுத்ததில்லை. தேட வேண்டியிருக்கவில்லை. சொன்னேன்.

"ஒண்ணுமில்லப்பா. நாலு மணிக்கு போன் நின்னுடுமாமே, அதான் சும்மா அடிச்சேன். சரி, நீயே வை. போன தடவை நான்தான் வச்சேன்."